கைட் கிளம்பவில்லையா? முதலில் பாரை விடுங்கள்

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து அண்ணன், தம்பி, மச்சான், கூடப் படித்தவன் என்று ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு ராமேஸ்வரம் தீவுக்குக் கைட் சர்ஃபிங் கற்கப் போகிறவர்களுக்கு இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

அதற்கு முன்னால் கருவியைப் பற்றி இரண்டு வரி. காற்றடைத்த பெரிய பட்டம்தான் கைட். அது இழுக்க, போர்டு என்ற பலகையில் நின்று தண்ணீர்மேல் ஓடுவதுதான் கைட் சர்ஃபிங். அதிலிருந்து இருபது, இருபத்துநான்கு மீட்டர் நீளத்தில் நான்கு லைன் வரும். கையில் பிடிக்க ஒரு பார், அதாவது குறுக்குக் கம்பி. நடுவில் உள்ள இரண்டும் முன் லைன். அவை இடுப்பில் கட்டிய ஹார்னஸில் மாட்டியிருக்கும், பெரும்பாலான இழுவை அங்கேதான். ஓரத்தில் உள்ள இரண்டும் பின் லைன்; பாரின் இரு முனையிலும் கட்டியிருக்கும், திருப்புவதற்கு. பாரை உங்கள் பக்கம் இழுத்தால் பவர் ஏறும், தள்ளிவிட்டால் இறங்கும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மருந்து இதுதான். டிவிஎஸ் ஃபிஃப்டி பழகுகிறவன் பயந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்குவான் பாருங்கள், அதே கதைதான் இங்கேயும். பயந்தால் கை தானாகப் பாரை மார்போடு அணைத்துக்கொள்ளும்.

“நம்ம ஊர்லயே கடல் இருக்கே, அங்க எதுக்கு?”

கிளம்பும்போதே வீட்டில் வரும் கோளாறு இது. கேள்வி நியாயமானது. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத் தூரம்தான். ஆனால் அந்தக் கரை கிழக்கே பார்த்தது. ஆனி, ஆடியில் அடிப்பது தென்மேற்குக் காற்று. அதாவது நிலத்திலிருந்து கடலுக்குள் அடிக்கும். கரையில் நிற்கும்போது அலையில்லாமல் அமைதியாகத் தெரியும்; கைட் விழுந்தாலோ லைன் அறுந்தாலோ காற்று உங்களை நேராக வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். தை, மாசியில் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். ஆபத்து வேறு மாதிரி: கரையோரம் உடையும் அலை புதியவனை எழவே விடாது, கைட் விழுந்தால் நேரே கரையில் உள்ள படகுகள் மேல்தான். கோடியக்கரைக்கு மேற்கே திரும்பினால் சேறும் அலையாத்திக் காடும். அங்கே நடக்கவே முடியாது.

ராமேஸ்வரம் தீவு கிழக்கே தனுஷ்கோடி நோக்கிப் போகப் போக ஒடுங்கி மணல் திட்டாகிவிடுகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கத்துக் காற்று அடித்தாலும் அதற்குத் தோதான ஒரு கரை கிடைக்கும். சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர், அலையும் குறைவு. கற்கிறவனுக்கு இடுப்பளவுத் தண்ணீரைவிடப் பெரிய வரம் கிடையாது. வேனில் போனால் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடலாம். ரயில் வேண்டுமென்றால் திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகவே ஒன்று 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத் திறப்போடு தொடங்கியது.

“போன அன்னிக்குக் காத்தே இல்ல”

மாதம் தப்பு. காற்றுக்கு இரண்டு பருவம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, மீனவர்கள் கச்சான் என்பார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வடகிழக்கு, வாடை. முதலாவது பலமானது, விட்டு விட்டு வராது. இரண்டாவது கொஞ்சம் சாது. இடையில் ஏப்ரலில் போய் உட்கார்ந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு கொண்டைக்கடலை தின்னலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஊரே போனது இந்தக் காலத்தில்தான். திட்டமே போட வேண்டாம்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை வேலை, அதன் பின்னாலேயே சம்பா நாற்றங்கால். நிலம் உள்ளவன் ஆடியில் வேனில் ஏற மாட்டான். ஏறினாலும் போனை விட்டு இறங்க மாட்டான், முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எனவே டெல்டாக் கூட்டத்துக்கு என் சிபாரிசு, சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். வாடையின் சாதுத்தனம் முதல்முறை கற்கிறவனுக்கு நல்லதும்கூட. கூட்டத்தில் எல்லோரும் சம்பளக்காரர்கள் என்றால் ஆடிக்கே போகலாம்.

காற்று எவ்வளவு வேண்டும்? கற்பதற்கு 12 முதல் 20 நாட் வரை. 15 நாட் என்பது மணிக்குச் சுமார் 28 கி.மீ. வேகம். 20-க்கு மேல் போனால் தெரிந்தவர்களுக்கு விட்டுவிட்டுக் கரையில் உட்காருங்கள்.

“ரூமே கிடைக்கல”

ஆடி அமாவாசையா, தை அமாவாசையா என்று பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பார்க்காமல் கிளம்பினால் வேனிலேயே படுக்க வேண்டியதுதான். அம்மா, அத்தை யாராவது “ராமேஸ்வரம்தானே, நாங்களும் வர்றோம்” என்று ஏறிக்கொண்டால் இருபத்திரண்டு தீர்த்தத்தையும் முதல் நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். மறுநாளிலிருந்து உங்களை யாரும் தேட மாட்டார்கள்.

கைட்டைத் தூக்கும் முன்பே படபடக்கிறது, அல்லது பிடித்திருப்பவரையே இழுக்கிறது

இரண்டும் நீங்கள் நிற்கும் இடத்தின் கோளாறு. கைட் பறக்கக்கூடிய வெளியின் விளிம்பைத்தான் காற்றின் ஓரம் என்கிறேன்; அங்கே இழுவை குறைவு, நடுவில் அதிகம். துணி படபடவென்று அடித்துக்கொண்டால் கைட் காற்றின் ஓரத்தைத் தாண்டி வெளியே இருக்கிறது. லைன் இறுக்கமாக இருக்கும்படியே காற்று வரும் திசையை நோக்கி இரண்டு மூன்று எட்டு நடங்கள். மாறாக, பிடித்திருப்பவர் கையிலிருந்து கைட் பிடுங்குகிறதென்றால் அது காற்றுக்கு நடுவில் போய்விட்டது. காற்று போகும் திசைக்கு நடங்கள். துணி அடங்கி, லேசாக மட்டும் இழுக்கும்போதுதான் கட்டை விரலைக் காட்ட வேண்டும். பிடித்திருப்பவர் தூக்கிப் போடக் கூடாது, வெறுமனே விட வேண்டும். நம் ஆள் கோவில் திருவிழாவில் பட்டம் விட்ட பழக்கத்தில் மேலே எறிவான். அதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

உங்களிடமிருந்து காற்று போகும் பக்கம் ஐம்பது மீட்டராவது வெறும் வெளி இருக்க வேண்டும். ஆள், கம்பம், படகு, நிறுத்திய வேன் எதுவும் கூடாது.

கைட் மேலே போகிறது, பின்பக்கமாகவே சரிந்து விழுகிறது

கற்கிறவர்களின் புகாரில் இதுதான் முதலிடம். கைட் தலைக்கு மேல் நிற்கும். பிறகு யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது போல வால் பக்கமாக இறங்கித் தண்ணீரில் உட்காரும். காரணம், பார் ரொம்ப உள்ளே இருக்கிறது. பின் லைன் இறுகியதும் கைட்டின் பின்ஓரம் கீழே இறங்கி, காற்று அதன் மேல் வழுக்கி ஓடாமல் நின்றுபோகிறது.

மன்னார்குடி மச்சான் ஒருத்தர், களத்தில் நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் போடுகிறவர், இதில் மாட்டிக்கொண்டு நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீர். பாரை நெஞ்சில் அழுத்தி, பத்து விரலும் வெளுத்து, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறார். கைட் ஏறும், சரியும். ஏறும், சரியும். கற்றுக்கொடுத்த பையன் பாம்பன்காரன், இருபது வயதுகூட இருக்காது. “அண்ணே, பாரை விடுங்கண்ணே!” என்று கத்துகிறான். இவர், “விட்டா போயிடும்டா தம்பி!” பையன் பக்கத்தில் வந்து இவருடைய இரண்டு கையையும் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். பார் தானாக மேலே வழுக்கிப் போனது. கைட் ஒரு தரம் குலுங்கி, அப்படியே நின்றது. மச்சான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தார். ஹார்னஸ்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, கை இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எனவே மருந்து: பாரை ஒரு முழம் வெளியே விடுங்கள், கைட் பிடிப்பெடுத்ததும் மெதுவாக உள்ளே கொண்டுவாருங்கள். விட்டும் சரிகிறதென்றால் டிரிம் பட்டையை இழுத்து முன் லைனைக் குறுக்குங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் லைனே சரியில்லை. பளு முழுக்கத் தாங்குவதால் முன் லைன்கள் நாளாவட்டத்தில் நீண்டுவிடும். அப்போது பார் வெளியே இருந்தாலும் பின் லைன் இறுகியே இருக்கும். நான்கு முனையையும் ஒரே கம்பத்தில் மாட்டி, டிரிம்மை முழுப் பவரில் வைத்து, பாரை முழுக்க உள்ளே இழுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே அளவாக இருந்து பார் நேராக நிற்க வேண்டும். வாடகைக் கருவியில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான விழுகை ஒன்று உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கைட் உங்கள் தலையைத் தாண்டி, காற்று வரும் பக்கம் போய், லைன் தொய்ந்து, இலை மாதிரி விழும். காற்று ஒரு கணம் ஓயும்போது நடக்கும். இதற்குப் பாரை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் நகர வேண்டும். தலைக்கு நேர் மேலே கைட்டைச் சும்மா நிறுத்திவைப்பதே இதற்கு அழைப்பு.

ஒரு பக்கமாகவே சுற்றுகிறது

பாரை நேராக வைத்தும் சுற்றினால் லைன் மாறியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று கைட் ஓரத்தில் சிக்கியிருக்கிறது. சரிசெய்து பார்க்கலாம் என்று பறக்க விடாதீர்கள். உடனே குவிக் ரிலீஸை, அதாவது ஹார்னஸிலிருந்து பாரைக் கழற்றிவிடும் அவசரப் பிடியை, அழுத்துங்கள். மெதுவாக, எப்போதும் ஒரே பக்கம் மட்டும் சாய்கிறதென்றால் பின் லைன் ஒன்றில் முடிச்சு விழுந்திருக்கும். சின்ன முடிச்சுதான், ஆனால் இரண்டு அங்குலம் தின்றுவிடும்.

தண்ணீரில் விழுந்த கைட் எழவில்லை

முதலில், சும்மா இருங்கள். பாரை விட்டுவிட்டுக் காத்திருந்தால் கைட் மெல்ல உருண்டு காற்றின் ஓரத்துக்கு நகரும். எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்துப் பின் லைனை மட்டும் பிடித்து இழுத்துப் பிடியுங்கள். ஒரு முனை தண்ணீரை விட்டு எழும். அவசரப்படாமல், ஓரம் வரை போகவிட்டு, பிறகு லைனை விட்டுக்கொடுத்து மேலே திருப்புங்கள். பாதி எழுந்ததும் பரவசத்தில் பாரை இழுப்பவன் கைட்டை நடுக்காற்றில் கிளப்பிவிட்டுப் பத்தடி தூரம் தண்ணீர் குடிப்பான்.

லைன் தொய்ந்திருந்தால் கைட்டுக்கு எதிர்ப்பக்கம் நீந்தி இறுக்குங்கள். எல்லாம் செய்தும் அது ஈரத் துணியாகக் கிடந்தால் காற்று போதவில்லை. கைட்டுக்குள் இருக்கும் காற்றைச் சொல்கிறேன். முன் விளிம்புக் குழாயைச் சுண்டினால் மத்தளம் போலக் கணீரென்று கேட்க வேண்டும். பம்ப் அடிக்கும் மச்சான் பாதியில் களைத்து “போதும்டா” என்பார், நம்பாதீர்கள்.

அடித்ததும் நன்றாக இருந்து அரை மணியில் தொய்ந்தால் கசிவு. பத்துக்கு எட்டு, வால்வில் மணல். கழுவி மூடிப் பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பிளாடரில் ஊசி ஓட்டை. சைக்கிள் டியூப் போலத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்து ஒட்டு போட வேண்டியதுதான்.

போர்டில் எழுந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன், அல்லது மூக்குக் குப்புற விழுகிறேன்

இவை இரண்டு வியாதி. எழுந்து உடனே பின்னால் உட்காருவது பவர் பற்றாக்குறை. கைட்டை ஒரு தரம் கீழே செலுத்தினால் நீங்கள் எழுவீர்கள், ஓட மாட்டீர்கள். எழுந்த கையோடு மறுபடி செலுத்த வேண்டும். போர்டின் மூக்கைச் சீக்கிரமே காற்று வரும் பக்கம் திருப்பிவிடுவதும் இதே பலனைத் தரும். முதல் சில மீட்டர் காற்றோடு போக விடுங்கள். காலால் உந்தி எழப் பார்க்காதீர்கள். முழங்காலை மடக்கி உருண்டையாக இருந்தால் கைட்டே தூக்கி நிறுத்தும்.

குப்புற விழுவது அதிகப் பவர். கைட்டைத் தலைக்கு மேலிருந்து வேகமாக இறக்கி, அதே நேரம் பாரையும் இழுத்திருப்பீர்கள். இறக்குவது ஒரு வேலை, இழுப்பது இன்னொரு வேலை. பாரைத் திருப்புங்கள், உள்ளே இழுக்காதீர்கள்.

போர்டு போய்விட்டது

போகும். எல்லோருக்கும் போகும். கயிற்றால் காலில் கட்டிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்; கட்டினால் அது சுண்டி வந்து உங்கள் மண்டையில்தான் இறங்கும். போர்டு உங்களுக்குக் காற்று வரும் பக்கம் கிடக்கும், நேராக நீந்திப் போக முடியாது. கைட்டை ஒரு பக்கம் பாதி உயரத்தில், 45 டிகிரியில் நிறுத்தி, அந்தப் பக்கம் நீட்டிய கையைத் தண்ணீருக்குள் விறைப்பாக வைத்துப் படுத்தால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எதிர்த்து நகரும். சிறிது தூரம் போய் மறுபக்கம். இப்படிக் குறுக்கும் நெடுக்கும் போய்த்தான் போர்டை அடைய வேண்டும். இது வராதவனுக்குப் போர்டே தரக் கூடாது என்பது என் கட்சி.

கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை

போர்டில் நின்று ஓடுகிறீர்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் கரையேறி அரை கிலோமீட்டர் நடக்கிறீர்கள். கைட்டையே பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். பார்வை எங்கேயோ உடம்பு அங்கே. போக வேண்டிய பக்கம், காற்று வரும் பக்கம் தலையைத் திருப்புங்கள். தோள் திரும்பும், இடுப்பு திரும்பும், போர்டின் விளிம்பு தானாகத் தண்ணீரைக் கடிக்கும். கைட்டை மேலும் கீழும் ஆட்டாமல் 45 டிகிரியில் அசையாமல் நிறுத்துங்கள். இங்கேயும் பாரை ஒரு விரற்கடை விடுங்கள்: இழுத்தே வைத்திருந்தால் கைட் பின்னால் தங்கி உங்களைக் காற்றோடு இழுக்கும், விட்டால் முன்னேறி ஓரத்துக்குப் போகும். இதெல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் கைட் சிறிது. எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு 15 முதல் 18 நாட்டில் பன்னிரண்டு சதுர மீட்டர் தேவைப்படும். 20-க்கு மேல் ஒன்பது போதும்.

முன்கை வலி, விலா வலி

முன்கை வலித்தால் கையால் தொங்குகிறீர்கள், ஹார்னஸில் உட்காருங்கள். விலா வலித்தால் ஹார்னஸ் மேலே ஏறியிருக்கிறது; மூச்சை விட்டுவிட்டு இறுக்கிக் கட்டுங்கள். வேட்டியை இறுக்கத் தெரிந்த கூட்டத்துக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

இழுத்துக்கொண்டே போகிறது, நிற்கவில்லை

இதைக் கரையிலேயே மனப்பாடம் செய்யுங்கள். முதலில் பாரை விடுங்கள். பிறகும் இழுத்தால் குவிக் ரிலீஸ். கைட் ஒற்றை லைனில் கொடி போலக் கிடந்து பவரை இழக்கும். அப்போதும் எதிலோ சிக்கி இழுத்தால் மட்டும் லீஷையும் (அந்த லைனை உங்களோடு கட்டியிருக்கும் கயிறு) கழற்றி கைட்டை விட்டுவிடுங்கள். அது பணம், நீங்கள் ஆள். முதல் நாள், கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தால் ரிலீஸில் கை போய் விழும் வரை பழகுங்கள்.

அரிச்சல்முனையில், இரண்டு கடலும் சேரும் இடத்தில், நீரோட்டம் மோசம். அங்கே குளிக்கவே கூடாது. வடக்குப் பக்கம் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளும் வலைக் கம்புகளும் இருக்கும். அது அந்த ஊர்க்காரர்களின் சோறு, லைன் மாட்டினால் உங்களுக்கும் தொல்லை, அவர்களுக்கும் நஷ்டம். தெற்கே மன்னார் வளைகுடாவின் தேசியப் பூங்காத் தீவுகள் 21. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கெல்லாம் இறங்கக் கூடாது. பூநாரைக் கூட்டம் நிற்கும் பருவத்தில் அதன் பக்கம் கைட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

பத்துப் பேர் போனோம், நாலு பேர்தான் தண்ணீரில்

ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேர், இருவருக்கும் ஒரு கைட் என்பதுதான் வழக்கமான கணக்கு. தனியாக ஓட்ட ஒருவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி தேவைப்படும். சனி, ஞாயிறு இரண்டே நாளில் பத்துப் பேரும் ஓட்டிவிடலாம் என்று கூட்டம் சேர்த்தவர்மேல்தான் தப்பு. நான்கைந்து நாளாவது ஒதுக்குங்கள், அதிலும் ஒரு நாளைக் காற்று தின்னும். ஜோடி சேர்க்கும்போது எடை பாருங்கள்: தொண்ணூறு கிலோ சித்தப்பாவும் ஐம்பது கிலோ அத்தை மகளும் ஒரே கைட்டைப் பகிர முடியாது. கரையில் நிற்கிறவன் சும்மா நிற்கவில்லை, கைட் பிடித்துக் கொடுப்பதும் இறக்கிக் கொள்வதும் அவன்தான் என்று சொல்லிவையுங்கள். பாதிச் சண்டை தீரும். தண்ணீரில் ஒருவன் கையைத் தலைமேல் தட்டினால் “என் கைட்டை இறக்கு” என்று பொருள். அப்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

போகும் முன்பே ஊரில் இரண்டு மீட்டர் பழகு கைட்டை விட்டுப் பார்த்தால் முதல் நாள் மிச்சமாகும். அறுத்த வயல் வசதிதான், ஆனால் பம்ப்செட் மின்கம்பி இல்லாத வயல் நம் பக்கம் எங்கே இருக்கிறது? தண்ணீரில்லாத மாதத்தில் கொள்ளிடத்து மணலுக்குப் போங்கள்.

காலில் ஏதோ குத்தியது

திருக்கையாக இருக்கலாம். தாங்கக்கூடிய அளவு சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. வராமலிருக்க, ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியே நடங்கள். அது விலகிப் போய்விடும்.

ஊருக்கு வந்து, ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் ஓட்டை

சொந்தமாக வாங்கிவிட்டவர்களுக்கு. உப்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மடித்தீர்களா என்பது ஒன்று. எங்கே வைத்தீர்கள் என்பது அதைவிடப் பெரிது. விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் எலிக்கு நெல்லும் பிளாடரும் ஒன்றுதான். மூடி போட்ட தகர டிரம்மில் வைத்து, பரணில் ஏற்றிவிடுங்கள்.